நொதி கலந்தும் பன்றிகளில் மாற்றம் தெரியவில்லை: தவறு எங்கே?

நிபோங் திபால் பண்ணையாள் (கேள்வி)

வணக்கம். தலைப்பில் பன்றி என்று பார்த்ததும் பாதிப் பேர் தாண்டிப் போயிருப்பீர்கள். நின்றவர்களுக்கு நன்றி.

மலேசியாவில் நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் ஒரு பன்றிப் பண்ணையில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கலிடோனியா தோட்டத்தில் பிறந்தவன். தாத்தா பால்மரம் (ரப்பர்) சீவினார், அப்பா செம்பனைக் குலை வெட்டினார், எனக்குப் பன்றி வாய்த்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் முன்வாசலில் கால் வைக்கக்கூடாது, பின்பக்கமாகக் குளியலறைக்குப் போக வேண்டும் என்பது அம்மா போட்ட சட்டம். இதுவரை மீறியதில்லை.

பண்ணையில் 120 தாய்ப்பன்றிகள். குட்டிகளுக்கான தீவனம் மட்டும் வெளியில் வாங்குகிறோம். மற்றதெல்லாம் நாங்களே அரைத்துக் கலக்கிறோம். ஒரு டன் கொள்ளும் செங்குத்தான (நின்ற) கலவை இயந்திரம், அரவை இயந்திரம் ஒன்று. கலக்குவது என் பொறுப்பு.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு விற்பனையாளர் வந்தார். தீவனத்தில் நொதி (என்சைம்) கலந்தால் செரிமானம் கூடும், அதே தீவனத்தில் பன்றி அதிக எடை போடும், சாணம் குறையும், நாற்றம்கூடக் குறையும் என்றார். தவுக்கே (முதலாளி) பெட்டி நிறைய வாங்கிவிட்டார். டன்னுக்கு 100 கிராம் என்று பொட்டலத்தில் போட்டிருக்கிறது. நானும் ஒவ்வொரு கலவையிலும் தவறாமல் கொட்டுகிறேன். இரண்டு மாதம் முடிந்துவிட்டது. 30 கிலோவிலிருந்து 60 கிலோ வரையிலான பன்றிகளில் ஒரு கிலோ எடைக்கு 2.7 கிலோ தீவனம் போகிறது. நொதிக்கு முன்னும் 2.7, பின்னும் 2.7. பள்ளிக்கூடக் கட்டம் போட்ட நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், யாருக்கு வேண்டுமானாலும் காட்டுவேன்.

இன்னும் ஒன்று. சாணத்தில் சோளத் துண்டுகள் மஞ்சளாக அப்படியே வருகின்றன. செரிமானத்துக்கு என்று வாங்கிய மருந்தைத் தின்ற பிறகும் சோளம் முழுசாக வந்தால் என்ன அர்த்தம்? தவுக்கே என்னைப் பார்க்கும் பார்வை சரியில்லை. பொட்டலத்தில் உப்புத் தூளை அடைத்து விற்றுவிட்டார்களோ என்றுகூடத் தோன்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிறை ஆலைக்காரர்

தம்பி, உப்புத் தூளாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. பிறையில் ஒரு தீவன ஆலையில் 26 ஆண்டுகள் தரம் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். நொதி வேலை செய்யவில்லை என்று வந்தவர்களிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: தீவனத்தில் என்னென்ன எத்தனை கிலோ, பொட்டலத்தில் எந்த நொதி எத்தனை அலகு? இரண்டையும் எழுதுங்கள். எந்த நேரத்தில் எப்படிக் கொட்டுகிறீர்கள், மிச்சப் பொட்டலம் எங்கே இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

அதற்கு முன் ஒரு காரியம். அரவை இயந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, சல்லடையைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். சாணத்தில் மஞ்சள் துண்டு வந்தால் நான் நொதியைச் சந்தேகிக்க மாட்டேன், சல்லடையைத்தான் சந்தேகிப்பேன்.

நிபோங் திபால் பண்ணையாள்

ஐயா, வெட்கமாக இருக்கிறது. சல்லடையின் ஓரத்தில் என் கட்டைவிரல் போகும் அளவுக்குக் கிழிசல். எத்தனை மாதமாக அப்படி ஓடியதோ தெரியாது. புதிய சல்லடை வாங்கிப் போட்டாயிற்று.

நீங்கள் கேட்ட கணக்கு, ஒரு டன்னுக்கு: சோளம் 560 கிலோ, சோயாப் புண்ணாக்கு 230, அரிசித் தவிடு 100, செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு 70, சுண்ணாம்புக்கல் மாவு 14, டிசிபி (பாஸ்பரஸும் கால்சியமும் தரும் உப்பு) 12, செம்பனை எண்ணெய் 5, லைசின் (அமினோ அமிலம்) 3, உப்பு 3, வைட்டமின் தாதுக் கலவை 3. சோளம் இறக்குமதி. தவிடு கெரியான் ஆற்றைத் தாண்டி பாரிட் புந்தார் அரிசி ஆலையிலிருந்து வருகிறது. சுண்ணாம்புக்கல் மாவு ஈப்போ பக்கத்துச் சரக்கு.

பொட்டலத்தில் பைட்டேஸ், கிராமுக்கு 5,000 அலகு என்று இருக்கிறது. சைலனேஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது.

கலக்கும் விதம்: எல்லாவற்றையும் போட்ட பிறகு கடைசியில் வாய்ப்பகுதியில் தூவிவிட்டு ஐந்து நிமிடம் ஓட்டுவேன். மிச்சப் பொட்டலங்கள் வைட்டமின் சாக்குகளோடு தகரக் கொட்டகையில் இருக்கின்றன. மதியத்தில் அந்தத் தகரத்தின் கீழ் மனிதன் நிற்க முடியாது.

பிறை ஆலைக்காரர்

மனிதன் நிற்க முடியாத இடத்தில் நொதி நிற்குமா? அது ஒரு புரதம், தம்பி. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் என்ன ஆகிறதோ அதுதான் இதற்கும் ஆகும், மெதுவாக. அதிலும் வைட்டமின் கலவையில் கோலின் குளோரைடு இருந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தாது உப்புகளோடு ஈரமும் சேர்ந்தால் நொதி இன்னும் சீக்கிரம் செத்துப்போகும். மிச்சத்தை அலுவலகத்தில் குளிர்சாதனம் ஓடும் இடத்துக்கு மாற்றுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

கலவைக்கு வருவோம். 100 கிராம் ஒரு டன்னில் என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மேலே தூவி ஐந்து நிமிடம் ஓட்டினால் ஒரு பன்றிக்கு நொதி விருந்து, பத்துப் பன்றிக்குப் பட்டினி. ஒரு கிலோ அரைத்த சோளத்தில் 100 கிராமைப் போட்டுப் பிசையுங்கள். அந்த ஒரு கிலோவைப் பத்துக் கிலோவில் கலக்குங்கள். பாதிச் சரக்கு ஏறியபின் இந்தப் பத்துக் கிலோவைப் போடுங்கள். நின்ற இயந்திரம் என்றால் கடைசிப் பொருள் போட்ட பிறகு 12 முதல் 15 நிமிடம். கிடை இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு வேண்டாம்.

நீங்கள் தூள் தீவனம் கொடுக்கிறீர்கள், அது ஒரு அதிர்ஷ்டம். நீராவி விட்டுக் குச்சித் தீவனமாக அழுத்தும் ஆலையில் 80, 85 பாகைச் சூட்டைத் தாண்டி வரவேண்டும். பூச்சு பூசாத நொதி அங்கேயே முடிந்துவிடும்.

இதெல்லாம் சில்லறை. பெரிய விஷயம் வேறு. உங்கள் விற்பனையாளர் உங்களிடம் சொல்லாமல் போனது அதுதான். பைட்டேஸைப் பன்றி கொழுக்க வேண்டும் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. சோளம், சோயா, தவிட்டில் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. தவிட்டில் அது இன்னும் அதிகம். அந்தக் கட்டை அவிழ்ப்பது பைட்டேஸ், பன்றியின் குடலில் அது போதுமான அளவு இல்லை. அதனால் அந்தப் பாஸ்பரஸ் அப்படியே சாணத்தில் போகிறது, நாமோ காசு கொடுத்து டிசிபி வாங்கிப் போடுகிறோம். 1991இல் நெதர்லாந்தில் பைட்டேஸ் விற்பனைக்கு வந்ததற்குப் பெரிய காரணம் சாணம்தான். அங்கே நிலத்தில் பாஸ்பேட் சேர்ந்துகொண்டே போய்ச் சட்டம் போடும் நிலை வந்திருந்தது.

உங்கள் பொட்டலக் கணக்குப்படி டன்னுக்கு 100 கிராம் என்றால் கிலோ தீவனத்துக்கு 500 அலகு. வழக்கமான அளவு. அது ஏறக்குறைய 0.1 விழுக்காடு பாஸ்பரஸை அவிழ்த்துக் கொடுக்கும். டிசிபி கணக்கில் டன்னுக்கு ஐந்தரை, ஆறு கிலோ. நீங்கள் டிசிபியில் ஒரு கிலோவையாவது குறைத்தீர்களா? இல்லை. பன்றிக்கு ஏற்கெனவே போதுமான பாஸ்பரஸ் இருந்தது, நொதி இன்னும் கொஞ்சம் கொடுத்தது, அதுவும் சாணத்தில் போனது. சோறு நிறைந்த இலையில் இன்னொரு கரண்டி போட்ட கதை.

சுண்ணாம்புக்கல் 14 கிலோ யார் சொன்ன கணக்கு? அதிகம். கால்சியம் கூடினால் பைட்டேட்டைப் பிடித்துக்கொள்ளும், நொதிக்கு வேலை நடக்காது. 9 கிலோ போதும்.

செர்டாங்கில் படித்தவள்

பிறை ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் செர்டாங்கில் கால்நடை அறிவியல் படித்தேன், வீடு பத்து காவானில்.

அண்ணா, உங்கள் தீவனத்தில் 70 கிலோ செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு இருக்கிறது. அதன் நார்ச்சத்தில் பெரும்பகுதி மன்னான். அதை அறுக்க மன்னனேஸ் என்ற நொதி வேண்டும். உங்கள் பொட்டலத்தில் அது இல்லை. சைலனேஸ் அறுப்பது அராபினோசைலான் என்ற வேறொரு நாரை. கோதுமையிலும் கோதுமைத் தவிட்டிலும் அது நிறைய. அதனால் கோதுமை அதிகம் போடும் நாடுகளில் சைலனேஸுக்கு நல்ல பெயர். சோளம் சோயாத் தீவனத்தில் அதன் பலன் சிறியது, சில நேரம் கண்ணுக்கே தெரியாது. அப்பா செம்பனை வெட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். பால்மரம் சீவும் கத்தியை அவர் கையில் கொடுத்து மட்டையை வெட்டச் சொன்னால் என்ன சொல்லியிருப்பார்?

பாரிட் புந்தார் தவிட்டையும் ஒருமுறை பாருங்கள். ஒரு கைப்பிடியைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டால் உமி மேலே மிதக்கும். உமியைச் செரிக்க வைக்கும் நொதி எந்தக் கடையிலும் இல்லை. புளித்த எண்ணெய் வாசனை வந்தால் அந்த மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள். தவிடு நம் ஊர் வெயிலில் சீக்கிரம் காறிவிடும்.

வயிற்றுப்போக்குக்கும் நொதிக்கும் முடிச்சுப் போடாதீர்கள். 2019இல் கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தீவனத்தில் கலக்கத் தடை வந்த பிறகு சிலர் நொதியை அந்த இடத்தில் வைத்து விற்கிறார்கள். இது மருந்தல்ல. நீங்களும் கேள்வியில் மருந்து என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

சுங்கை பாக்காப் பெரியவர்

நொதியாம், அலகாம். எங்கள் தோட்டத்து லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) பின்னால் வீட்டுக்கு இரண்டு பன்றி நின்றன. ஆற்றோரக் கிழங்குத்தண்டை நறுக்கித் தவிட்டோடு மண்ணெண்ணெய்த் தகரத்தில் போட்டு விறகில் கொதிக்க வைப்போம். ஆறியதும் ஊற்றினால் தகரத்தை நக்கிவிட்டுத்தான் தலையைத் தூக்கும். தீபாவளிக்கு ஒன்று, பள்ளிக்கூடச் செலவுக்கு ஒன்று. சாப்பாட்டுக் கடை மிச்சம் கிடைத்தால் அதுவும். தம்பி, உங்கள் ஊரில் இத்தனை கடை இருக்கிறதே, அந்த மிச்சத்தை வாங்கிப் போட்டால் இந்தப் பொட்டலமே வேண்டாமே.

பிறை ஆலைக்காரர்

பெரியவரே, நீங்கள் கொதிக்க வைத்ததும் செரிமானத்துக்கான வேலைதான். கிழங்குத்தண்டின் அரிப்பும் அதில் போய்விடும். அந்தக் காலத்து விறகுக்கு என் வணக்கம். ஆனால் கடை மிச்சம் வேண்டவே வேண்டாம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021இல் முதலில் சபாவிலும், அந்த ஆண்டு முடிவதற்குள் தீபகற்பத்திலும் வந்ததை மறந்துவிட்டீர்களா? இறைச்சி மிச்சத்தில் அந்தக் கிருமி உயிரோடு இருக்கும். தடுப்பூசியை நம்பிப் பண்ணையைத் திறந்து போட முடியாது. இரண்டு பன்றி வைத்திருந்தவருக்கு இரண்டு போகும், இவர் தவுக்கேக்கு எல்லாம் போகும்.

பண்ணைத் தம்பிக்கு: பேசிக்கொண்டே இருக்காமல் சோதித்துப் பாருங்கள். ஒரே எடையில் இருபது இருபதாக இரண்டு பட்டி. ஆணும் பெண்ணும் இரண்டிலும் சமமாக இருக்கட்டும். ஒன்றில் நொதி இல்லை, டிசிபி 12. மற்றொன்றில் நொதி, டிசிபி 6. சுண்ணாம்புக்கல் இரண்டிலும் 9. குறையும் இடத்தைச் சோளத்தால் நிரப்புங்கள். ஆறு வாரம். தாய்ப்பன்றித் தீவனத்தில் மட்டும் இப்போது கை வைக்காதீர்கள். பால் கொடுக்கும் பன்றி எலும்பிலிருந்து கடன் வாங்கும், அதன் கால் உடைந்தபின் கணக்குப் பார்த்துப் பயனில்லை.

நிபோங் திபால் பண்ணையாள் (ஏழு வாரம் கழித்து)

ஐயா சொன்னபடி சோதித்துவிட்டு எண்களோடு வந்திருக்கிறேன். பழைய பொட்டலங்களைத் தவுக்கேயின் முகத்துக்கு நேரே குப்பையில் போட எனக்குத் துணிவில்லை. அவற்றை வேறு பட்டிகளுக்குக் கொடுத்துவிட்டு, சோதனைக்கு மட்டும் புதிய பொட்டலம் வாங்கி அலுவலகத்தில் கணக்குப் புத்தக அலமாரியில் வைத்தேன். கணக்கெழுதும் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். பொட்டலத்துக்கு வாசனையே கிடையாது, நான் சுமந்துகொண்டு போனதுதான் காரணம்.

நொதி இல்லாத பட்டி: இருபது பன்றியும் 42 நாளில் மொத்தம் 604 கிலோ ஏறின, தின்றது 1,520 கிலோ. நொதி போட்டு டிசிபியைப் பாதியாக்கிய பட்டி: 598 கிலோ ஏறின, தின்றது 1,508 கிலோ. வகுத்தால் இரண்டும் 2.52.

முதலில் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தவுக்கே கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, 'அப்படியானால் உன் நொதி என்ன செய்தது, ஒன்றுமே இல்லையே' என்றார். என்னிடமும் சட்டென்று பதில் இல்லை. பிறகு இரவில் படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் ஐயா சொன்னது உறைத்தது. ஒன்றுமே தெரியாமல் இருக்க வேண்டும் என்றுதானே பாதி டிசிபியை எடுத்தோம். பாஸ்பரஸ் குறைந்து, நொதியும் வேலை செய்யாமல் இருந்திருந்தால் அந்தப் பட்டி பின்தங்கியிருக்கும். பின்தங்கவில்லை.

மறுநாள் காலையில் காசாக எழுதிக் கொடுத்தேன். நாங்கள் வாங்கும் விலையில் டிசிபி கிலோ 2 ரிங்கிட் 50 சென். ஆறு கிலோ, 15 ரிங்கிட். நொதி 100 கிராம், 6 ரிங்கிட். இடத்தை நிரப்பிய ஆறு கிலோ சோளத்தின் விலையைக் கழிக்காமல் பார்த்தால் டன்னுக்கு 9 ரிங்கிட் மிச்சம். வளரும் பன்றிகளுக்கு மட்டும் மாதம் 60 டன் அரைக்கிறோம், 540 ரிங்கிட். 'இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே' என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

2.7 எப்படி 2.52 ஆனது என்று கேட்பீர்கள். இரண்டு பட்டியிலும் ஆனதால் அது நொதி அல்ல, சல்லடை. சாணத்தில் மஞ்சள் நின்றுவிட்டது. இந்த ஆண்டு பண்ணைக்குக் கிடைத்த பெரிய லாபம் அந்தச் சல்லடைதான், அதை விற்க யாரும் காரில் வந்து இறங்கவில்லை.

தவிட்டையும் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். ஒரு லோரியில் வந்ததில் மிதந்த உமியைப் பார்த்து ஓட்டுநரே தலையைச் சொறிந்தார்.

செர்டாங்கில் படித்தவள்

அண்ணா, இவ்வளவு ஒழுங்காகச் செய்ததற்குப் பாராட்டுகள். ஆனாலும் இரண்டு இடத்தில் உங்களை இழுத்துப் பிடிக்கிறேன், கோபப்படாதீர்கள்.

உங்கள் டிசிபி 12 கிலோ முதலிலிருந்தே தேவைக்கு அதிகமாக இருந்திருந்தால், நொதி இல்லாமலேயே பாதியை எடுத்தாலும் பன்றி இதே எடைதான் ஏறியிருக்கும். அப்போது 6 ரிங்கிட்டும் வீண். டிசிபி 6, நொதி இல்லை என்று மூன்றாவது பட்டி ஒன்று இருந்திருந்தால் அந்தச் சந்தேகம் வந்திருக்காது. மற்றது, எடை ஏறுவதற்குப் போதுமான பாஸ்பரஸ் எலும்பு கெட்டியாவதற்குப் போதாது. எலும்புக்குக் கூடுதலாக வேண்டும். அதனால் தராசு மட்டும் சாட்சி ஆகாது. லோரியில் ஏற்றும்போது நொண்டுகிறதா, அறுக்கும் இடத்தில் கால் எலும்பு முறிகிறதா என்று கேட்டு எழுதுங்கள். தாயாக நிறுத்தி வைக்கப்போகும் பெண் பன்றிகளை இந்தச் சோதனைக்குள் கொண்டுவராதீர்கள்.

பிறை ஆலைக்காரர்

மூன்றாவது பட்டியை நான்தான் சொல்லியிருக்க வேண்டும். வயதாகிவிட்டது. பெண் சொல்வது சரி.

நிபோங் திபால் பண்ணையாள்

கோபம் இல்லை, தங்கை. நேற்றுத் தவுக்கேயிடம் சொன்னேன். முழுதாகக் கேட்டார். நொதி இல்லாமலேயே டிசிபியைக் குறைக்கலாமோ என்ற இடத்தில் அவர் கண் பெரிதானதைப் பார்த்தேன். மூன்று பட்டி, திங்கட்கிழமை தொடங்குகிறோம். ஆறாம் எண் பட்டியை அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதன் தரை சொரசொரப்பாக இருக்கிறது, அதனால் வழுக்காது, வழுக்கும் தரையில் விழுந்து நொண்டினால் பாஸ்பரஸ் மேல் பழி வந்துவிடும் என்று, பாடம் படித்த பையன் போல எனக்கு விளக்கினார். எந்தப் பன்றியாவது காலை இழுத்தால் அன்றைக்கே அந்தப் பட்டிக்குப் பழைய தீவனம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

மன்னனேஸ் பற்றியும் கேட்டிருக்கிறார். செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கை 70 கிலோவிலிருந்து 150க்கு ஏற்றலாமா என்பது அவர் ஆசை. ஓடு கலந்த சரக்காக வந்தால் பல்லில் மண் கடிபடுவது போலப் பன்றி முகத்தைத் திருப்பும் என்று அப்பா சொன்னார், அவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. லைசின் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று தங்கை எழுதினால் அந்தக் கணக்கையும் நோட்டில் போட்டு வைப்பேன். ஆறு வாரம் கழித்து வருகிறேன்.